லீவு முழுக்க குட்டிப் பசங்க பேக்கிங் ஷோ பாத்த ஒரு அப்பாவோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு பேக்கிங் பத்தி சுத்தமா ஒண்ணும் தெரியாது. எங்க வீட்டு ஓவன்ல எந்த பட்டன் எதுக்குன்னு கேட்டா திருதிருன்னு முழிப்பேன். பத்து வயசுல ஒரு பொண்ணு, ஏழு வயசுல ஒரு பையன், இந்த லீவுல ரெண்டும் சேந்து குழந்தைங்க கேக் போட்டி ஷோ பாக்க ஆரம்பிச்சுதுங்க. பக்கத்துல உக்காந்து போனை நோண்டிட்டு இருந்தவன் நான், அதே ஆளு எப்ப போனை கீழ வெச்சுட்டு "டேய் கேக் இன்னும் சூடா இருக்குடா, க்ரீம் வெக்காதடா"ன்னு டிவிய பாத்து கத்த ஆரம்பிச்சேன்னு எனக்கே தெரியல. ரெண்டு மாசம், கிட்டத்தட்ட தினமும் ஒரு எபிசோடு, சில நாள் மூணு. இவ்ளோ பாத்தாச்சு, உருப்படியா ஒரு ரிவ்யூவாவது எழுதுவோம்னு உக்காந்துட்டேன்.

நாங்க பாத்தது முக்கியமா மூணு. ஒண்ணு ஃபுட் நெட்வொர்க்கோட கிட்ஸ் பேக்கிங் சாம்பியன்ஷிப், அமெரிக்கா ஷோ, 2015 ல ஆரம்பிச்சது, டஃப் கோல்ட்மேனும் வாலரி பெர்டினெல்லியும் தான் ரொம்ப வருஷம் நடத்துனாங்க, அப்புறம் வாலரி போய் கார்டியா பிரவுன் வந்தாங்க. ரெண்டாவது ஜூனியர் பேக் ஆஃப், பிரிட்டன்ல 2011 ல பிபிசியோட குழந்தைங்க சேனல்ல ஆரம்பிச்சு 2019 ல சேனல் 4 க்கு போனது, ஹாரி ஹில்னு ஒரு காமெடியன் நடத்துறாரு, மனுஷன் என் பையனுக்கு தெய்வம் மாதிரி. மூணாவது மாஸ்டர்செஃப் ஜூனியர், 2013 ல ஃபாக்ஸ்ல ஆரம்பிச்சது, கோர்டன் ராம்சே வர்றது. இது முழுக்க பேக்கிங் கிடையாது, சமையல் தான், நடு நடுவுல கேக் வரும். அதனால இதை பத்தி கம்மியா தான் சொல்லப்போறேன். பெரியவங்க ஷோல அந்த கத்து கத்துற ராம்சே இங்க முட்டி போட்டு உக்காந்து எட்டு வயசு குழந்தைக்கு சமாதானம் சொல்றாரு, அதை பாக்கறதுக்காகவே ஒரு ரெண்டு எபிசோடு பாக்கலாம். மத்தபடி ஒரு லட்சம் டாலர் பரிசு, நாடகத்தனமான மியூசிக், பெரும்பாலும் ஒரே நேரத்துல ரெண்டு ரெண்டு பேரா வீட்டுக்கு அனுப்புறதுன்னு எனக்கு அது கொஞ்சம் ஓவரா தான் பட்டுச்சு.

நிறைய பேரன்ட்ஸ் இந்த ஷோவ பாக்க விடுறதுக்கு சொல்ற காரணம் "கார்ட்டூன் பாக்கறதுக்கு இது தேவல, ஏதாவது கத்துக்கும்". நானும் அதையே தான் சொல்லிட்டு திரிஞ்சேன். சரி, என்னதான் கத்துக்குதுங்கன்னு கூடவே இருந்து பாத்ததை தான் எழுதறேன்.

கேக் செய்ய கத்துக்கலைங்க. அதை முதல்லயே போட்டு உடைச்சிடறேன்.

முதல் வாரம் முடிஞ்சதும் என் பொண்ணு "அப்பா நான் ஒரு சேலஞ்ச் பண்ணப்போறேன், 90 நிமிஷம்"னு சொல்லிட்டு ஏப்ரன் எல்லாம் கட்டிகிட்டு டைமர் வெச்சுட்டா. அம்மா வெளிய போயிருந்தாங்க, நான் தான் பொறுப்பு, ஆழம் தெரியாம காலை விட்டவன் கதை தான். மாவு கலக்கிட்டா, டின்ல ஊத்திட்டா, அப்ப தான் பாத்தா ஓவன் ஜில்லுன்னு இருக்கு. டிவில ஓவன் சூடாகுறதுக்காக எந்த குழந்தையும் காத்துகிட்டு நின்ன மாதிரி ஒரு சீன் கூட எங்க கண்ணுல படல. சரின்னு ஓவனை போட்டு 350 க்கு திருப்பலாம்னு பாத்தா எங்க ஓவன் 250 தோட நிக்குது. அப்பா நம்ம ஓவன் ரிப்பேர்ங்கிறா. அப்புறம் தேடிப் பாத்தா தான் தெரியுது, அந்த ஷோல சொல்றது ஃபாரன்ஹீட், 350 ஃபாரன்ஹீட்னா நம்ம கணக்குக்கு சுமார் 177 டிகிரி செல்சியஸ். இதுலயே 25 நிமிஷம் ஓடிப்போச்சு. கேக் வெந்து வெளிய வந்தப்ப பத்து நிமிஷம் தான் பாக்கி, அந்த சூட்டோட பட்டர் க்ரீம வெச்சு தடவுனா, அது சொட்டு சொட்டா தட்டுல இறங்கிடுச்சு. டைமர் அடிச்சதும் ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு நிக்கிறா, கண்ணுல தண்ணி. யாரும்மா உனக்கு 90 நிமிஷம்னு சொன்னதுன்னு கேட்டேன். பதிலே இல்ல, கை மட்டும் மேலயே இருக்கு.

அதுக்கப்புறம் தான் நான் ஷோவ வேற கண்ணுல பாக்க ஆரம்பிச்சேன். இந்த 90 நிமிஷத்துக்குள்ள அந்த பசங்க எப்படி முடிக்குதுங்கன்னு கவனிச்சா ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, அதுங்க முழு உயர கேக்கை ஒரே டின்ல வேக வெக்கிறதே கம்மி. மெல்லிசா தட்டுல ஊத்தி வேக வெச்சு வட்டம் வட்டமா வெட்டி எடுக்குதுங்க, இல்ல கப்கேக் சைஸ்ல பண்ணுதுங்க, அதெல்லாம் 12, 15 நிமிஷத்துல வெந்துரும். எட்டு இன்ச் வட்ட டின்ல கனமா ஊத்துனா அரை மணி நேரமாவது ஆகும். ரெண்டாவது, ஓரமா ஒரு பெரிய ஸ்டீல் அலமாரி மாதிரி நிக்குமே, அது பிளாஸ்ட் சில்லர், ஹோட்டல் கிச்சன்ல சூடான சாப்பாட்டை வேகமா குளிர வெக்கிற மெஷின். வெந்த கேக்கை அதுக்குள்ள தள்ளுனா கொஞ்ச நேரத்துல க்ரீம் வெக்கிற பதத்துக்கு வந்துரும். நம்ம வீட்ல அது ஏது, கேக் ஆற ஒரு மணி நேரமாவது காத்திருக்கணும். வெண்ணெய் 32, 35 டிகிரி வந்தாலே உருகிரும், நம்ம உடம்பு சூடே அதை விட ஜாஸ்தி, அப்புறம் அடுப்புலருந்து வந்த கேக் மேல அது எப்படி நிக்கும்? இந்த ஷோக்கள் மேல என்னோட பெரிய கம்ப்ளைன்ட்டே இது தான். பேக்கிங்ல பாதி வேலை காத்திருக்கிறது, அந்த பாதியை எடிட்டிங்ல வெட்டி வீசிடறாங்க, வீட்ல பாக்குற குழந்தைக்கு காத்திருக்கிறதும் வேலைல ஒரு பகுதின்னு தெரியவே மாட்டேங்குது, ஏதோ தான் ஸ்லோன்னு நினைச்சுக்குது.

அதே மாதிரி பாத்திரம். இவ்ளோ எபிசோடுல ஒரு குழந்தை பாத்திரம் தேய்ச்சு நான் பாக்கல. அன்னிக்கு எங்க வீட்டு சிங்க்ல பதினாலு சாமான் கிடந்துச்சு, எண்ணிப் பாத்தேன், ஏன்னா தேய்ச்சது நான்.

சரி, கணக்கு. ஒத்துக்கறேன், இங்க நிஜமாவே கொஞ்சம் லாபம் இருக்கு, ஆனா அது ஷோலருந்து நேரா வரல, ஷோ பாத்துட்டு செய்யப்போய் மாட்டிகிட்டதுல வந்துச்சு. ஒரு ரெசிபிய பாதியா குறைக்கணும், முக்கால் கப் சர்க்கரைல பாதி எவ்ளோ? ஸ்கூல்ல பின்னத்தை பாத்தா ஓடுற பொண்ணு, பேப்பர் எடுத்து கட்டம் போட்டு எட்டுல மூணு பாகம்னு கண்டுபிடிச்சா. இன்னொரு நாள் ஆறு இன்ச் டின்னுக்கான மாவை எட்டு இன்ச் டின்ல ஊத்தி கேக் அப்பளம் மாதிரி வந்துச்சு. ரெண்டு இன்ச் தானே ஜாஸ்தின்னு அவ வாதம், எனக்கும் அப்படி தான் தோணுச்சு. அப்புறம் உக்காந்து போட்டா ஆறும் ஆறும் முப்பத்தாறு, எட்டும் எட்டும் அறுபத்து நாலு, பரப்பளவு கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் மடங்கு. வட்டத்தோட பரப்பு எதுக்கு படிக்கிறோம்னு நான் ஸ்கூல்ல கேட்ட கேள்விக்கு இத்தனை வருஷம் கழிச்சு ஒரு சப்பையான கேக் வந்து பதில் சொல்லுது.

இதுல பிரிட்டிஷ் ஷோக்கு ஒரு ப்ளஸ், அவங்க கிராம்லயே பேசறாங்க. அமெரிக்கா ஷோல கப்பு கப்புன்னு சொல்றது எங்க வீட்ல பெரிய குழப்பம். ஒரு கப் மாவுன்னா லேசா அள்ளிப் போட்டா 120 கிராம் சொச்சம், கப்பை மாவுக்குள்ள விட்டு அழுத்தி எடுத்தா 150 கிராம் கூட வந்துரும், அதுலயே கேக் கல்லு மாதிரி ஆயிடும். சமையல் தராசு ஒண்ணு வாங்கின நாள்லருந்து தான் எங்க வீட்டு கேக்கு கேக்கா வருது. இந்த ஷோ பாத்து யாராவது குழந்தைக்கு ஏதாவது வாங்கித் தரணும்னு நினைச்சா அந்த ரெயின்போ கலர் சிலிகான் கரண்டி செட்டெல்லாம் வேணாம், ஒரு தராசு வாங்கிக் குடுங்க.

சயின்ஸ் பக்கம் ஷோ ரொம்ப கஞ்சத்தனம். ஜட்ஜ் ஒரு வாய் சாப்ட்டுட்டு "ஓவரா கலக்கிட்ட"ன்னு சொல்வாரு, குழந்தை தலையாட்டும், அவ்ளோ தான், அடுத்த ஷாட். ஏன் ஓவரா கலக்கக்கூடாது? மாவுல தண்ணி பட்டு கலக்க கலக்க க்ளூட்டன்னு ஒரு வலை மாதிரி உருவாகும், பிரெட்டுக்கு அது வேணும், கேக்குக்கு அது ஜாஸ்தியானா ரப்பர். இதை சொல்ல பத்து செகண்டு ஆகுமா? டஃப் அப்பப்ப இந்த மாதிரி ஒண்ணு ரெண்டு சொல்றாரு, அவர் பேசற இடமெல்லாம் நல்லா தான் இருக்கு, பத்தல. என் பையன் ஒரு நாள் பேக்கிங் பவுடர் தீந்துருச்சுன்னு அதே அளவு பேக்கிங் சோடாவ போட்டுட்டான், ரெண்டும் வெள்ளையா தானே இருக்குன்னு. குக்கி சோப்பு மாதிரி இருந்துச்சு. சோடா தனியா மூணு நாலு மடங்கு வீரியம், அதுக்கு மோரு, எலுமிச்சை மாதிரி புளிப்பு ஒண்ணு சேரணும், பவுடர்ல அந்த புளிப்பு ஏற்கனவே கலந்தே வருது. இதை அவனுக்கு சொல்லிக்குடுத்தது அந்த சோப்பு குக்கி தான், டிவி இல்ல.

அடுத்தது கொஞ்சம் கடுப்பான மேட்டர், சுத்தம். விரலை நக்கிட்டு அதே கையால அலங்காரம் பண்றது, முடிய ஒதுக்கிட்டு மாவை பிசையறதுன்னு ஷோல குழந்தைங்க பண்றதை பாத்து என் வைஃப் ஒவ்வொரு தடவையும் "ஐயே"ன்னு எழுந்து போயிடுவாங்க. குழந்தைங்கள மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம், அமெரிக்காவுல கான்சஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க 24 பிரபல செஃப்களோட 100 சமையல் ஷோவ உக்காந்து பாத்து கணக்கெடுத்தாங்க, 23 சதவீதம் பேர் விரலை நக்குறாங்க, 20 சதவீதம் பேர் முடியையோ அழுக்கானதையோ தொட்டுட்டு திரும்ப சாப்பாட்ட தொடறாங்க. பெரிய செஃப்பே அப்படின்னா குட்டிங்க என்ன பண்ணும். இன்னொண்ணு, பச்சை மாவை ருசி பாக்கறது. முட்டை தான் பிரச்சனைன்னு நானும் நினைச்சிருந்தேன், ஆனா மாவே ஒரு பச்சை பொருள் தான், கிருமி சாகுற மாதிரி எதுவும் செஞ்சு வர்றது இல்ல. 2016 ல அமெரிக்காவுல மாவுல இருந்த ஈ கோலை கிருமியால 24 மாநிலத்துல 63 பேருக்கு உடம்புக்கு முடியாம போச்சு. ஷோல ஸ்பூனை நக்குறதை க்யூட்டா க்ளோஸப்ல காட்டுறாங்க பாருங்க, அங்க ஒரு வரி எச்சரிக்கை போட்டா தான் என்ன. எங்க வீட்ல இப்ப ரூல், வேகாத மாவை வாயில வெச்சா அன்னிக்கு எலிமினேட்.

ரெண்டாவது ரூல் சர்க்கரை பாகு. ஃபைனல் நெருங்க நெருங்க சில பசங்க சர்க்கரைய காய்ச்சி கண்ணாடி மாதிரி அலங்காரம் பண்ணுதுங்க, பாக்க பிரமாதமா இருக்கும். அந்த பதத்துக்கு பாகு 150 டிகிரி வரைக்கும் போகணும், கொதிக்கிற தண்ணிய விட அம்பது டிகிரி ஜாஸ்தி, போதாததுக்கு கைல பட்டா பசை மாதிரி ஒட்டிக்கும். டிவில கேமராவுக்கு பின்னாடி எத்தனை பெரியவங்க நிப்பாங்கன்னு வீட்டு குழந்தைக்கு தெரியுமா? எங்க வீட்ல பெரியவங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் நான். அதனால தடை.

கேமராவுக்கு பின்னாடின்னதும் ஞாபகம் வருது, என் பொண்ணு ஒரு நாள் கேட்டா, இவங்கல்லாம் ஸ்கூலுக்கு போக மாட்டாங்களான்னு. நல்ல கேள்வி, தேடிப் பாத்தேன். கலிபோர்னியாவுல ஷூட்டிங்ல இருக்கற ஒன்பதுலருந்து பதினைஞ்சு வயசு பிள்ளைங்களுக்கு ஸ்கூல் நாள்ல ஒன்பது மணி நேரம் தான் செட்ல இருக்கலாம், அதுல அஞ்சு மணி நேரம் தான் வேலை, மூணு மணி நேரம் படிப்பு, ஒரு மணி நேரம் ரெஸ்ட்டுன்னு சட்டமே இருக்கு. கேக் போட்டி நடுவுல படிக்கணுமான்னு ரெண்டும் அதிர்ச்சி ஆயிடுச்சுங்க, பெரிய ஆளாகி டிவிக்கு போற ஆசை அந்த நிமிஷமே பாதி போயிடுச்சு.

இப்ப பையன் விஷயத்துக்கு வரேன், இவன் கத்துகிட்டது ஜட்ஜ் வேலை. சாப்பாட்டு தட்டுல வெச்சதும் ஒரு வாய் வெச்சுட்டு கண்ணை மூடி தலையை மெதுவா ஆட்டிட்டு "ஃப்ளேவர் சூப்பர்மா, ஆனா டெக்ஸ்ச்சர் கொஞ்சம் டென்ஸா இருக்கு"ங்கிறான். ஏழு வயசு. என் வைஃப் ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, ராம்சேவே ஓடிருப்பாரு. சிரிச்சாலும் இதை கொஞ்சம் யோசிச்சேன். இந்த ஷோ பாக்குற குழந்தை முதல்ல கத்துக்கறது குறை கண்டுபிடிக்கற பாஷை, ஏன்னா அதுக்கு கை அழுக்காக வேண்டாம். ஆனா ஒண்ணு சொல்லணும், அவன் கிட்ட முன்னாடி ரெண்டே வார்த்தை தான் இருந்துச்சு, "நல்லாருக்கு", "வேணாம்". இப்ப மொறுமொறுப்பு பத்தல, உள்ள ஈரமா இருக்கு, இனிப்பு தூக்கலா இருக்கு, புளிப்பு கடைசில வருதுன்னு பிரிச்சு சொல்றான். முதல்ல நல்லதை சொல்லிட்டு அப்புறம் தான் குறைய சொல்லணும்னு ஜட்ஜுங்க கிட்ட பாத்து வெச்சிருக்கான். அதை வேணாம்னு சொல்ல மனசு வரல. அவங்கம்மா மட்டும் ஒரு கண்டிஷன் போட்டாங்க, எதை ஜட்ஜ் பண்றியோ அதை அடுத்த தடவை செய்யும்போது கூட நின்னு உதவி பண்ணனும். விமர்சனம் உடனே அறுபது சதவீதம் குறைஞ்சிருச்சு, இது என் சொந்த புள்ளிவிவரம்.

பொண்ணு விஷயம் வேற, இதை எழுத உக்காந்ததே அதுக்காக தான்.

அவ எப்படின்னா, டிராயிங்ல ஒரு கோடு தப்பா போச்சுன்னா பேப்பரையே கிழிச்சிருவா. அழிக்க மாட்டா, கிழிப்பா. ஹோம்வொர்க்ல ஒரு எழுத்து அடிச்சு எழுதுனா முழு பக்கமும் புதுசா எழுதணும். டீச்சர் கிட்டலாம் பேசிப் பாத்தாச்சு, நாங்களும் "பரவால்லம்மா பரவால்லம்மா"ன்னு ஆயிரம் தடவை சொல்லியாச்சு, செவிடன் காதுல ஊதுன சங்கு. இந்த ஷோக்கள்ல ஒரு விஷயம் இருக்கு, வேற எந்த குழந்தைங்க நிகழ்ச்சிலயும் நான் பாக்காதது, குழந்தைங்க சொதப்புறதை ஆரம்பத்துலருந்து முடிவு வரைக்கும் முழுசா காட்டுறாங்க. பாட்டு போட்டி, டான்ஸ் போட்டில நாம பாக்கறது ரெடியாகி வந்த மூணு நிமிஷம், தப்பு பண்ணா அத்தோட போச்சு. இங்க தப்பு நாப்பதாவது நிமிஷத்துல நடக்குது, மீதி அம்பது நிமிஷம் அந்த குழந்தை அதை வெச்சுகிட்டு என்ன பண்ணுதுங்கிறது தான் கதையே. ஒரு பையனுக்கு கேக் ரெண்டா உடைஞ்சு போச்சு, ஒரு நிமிஷம் அழுதான், மூக்க துடைச்சான், உடைஞ்சதை உதுத்து க்ரீமோட பிசைஞ்சு உருண்டையா புடிச்சு சாக்லேட்ல முக்கிட்டான். ஜட்ஜ் முன்னாடி போய் நின்னு "நான் முதல்ல வேற பிளான் பண்ணேன், கேக் உடைஞ்சிருச்சு, அதனால இது"ன்னு சொன்னான். மறைக்கல. என் பொண்ணு அந்த இடத்தை ரீவைண்ட் பண்ணி ரெண்டு தடவை பாத்தா, ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல.

அப்புறம் ஒரு பத்து நாள் கழிச்சு அவ செஞ்ச கேக் நடுவுல குழி விழுந்துருச்சு. காரணம் அவளே தான், டிவில பசங்க ஓவன் முன்னாடி தரையில உக்காந்து உள்ள எட்டிப் பாக்குதுங்கள்ல, அதே மாதிரி உக்காந்தவ கண்ணாடி வழியா பாத்தா பத்தாதுன்னு மூணு தடவை கதவை தொறந்து பாத்துட்டா. கேக் உள்ள இன்னும் இறுகாதப்ப சூடு குறைஞ்சா உப்புனதெல்லாம் அப்படியே உக்காந்துரும். நான் வழக்கம் போல கிழிக்கப்போறா, அதாவது குப்பைல போடப்போறான்னு ரெடியா நின்னேன். உதட்டை கடிச்சுட்டு அந்த குழியவே பாத்துட்டு நின்னா. அப்புறம் "அப்பா, இது கிண்ணம் மாதிரி இருக்குல்ல"ன்னா. க்ரீமை அதுக்குள்ள ரொப்பி மேல பழத்தை வெட்டி அடுக்கிட்டா. அவ அம்மா வந்ததும் "இது குழி விழுந்த கேக்மா, நான் கதவை தொறந்துட்டேன்"னு தானே சொன்னா. எனக்கு தொண்டை அடைச்சிருச்சு, வெளிய காட்டிக்கல, தட்ட எடுத்துட்டு வரேன்னு உள்ள போயிட்டேன்.

இதை வெச்சு ஷோ பாத்தா குழந்தை மாறிடும்னெல்லாம் நான் சொல்ல வரல. அடுத்த வாரமே ஒரு டிராயிங் பேப்பர கிழிச்சா. ஆனா கேக் விஷயத்துல இன்னி வரைக்கும் ஒண்ணையும் தூக்கி போடல.

இன்னொண்ணையும் சொல்லணும், ஜூனியர் பேக் ஆஃப் ஜட்ஜ் லியாம் சார்ல்ஸ் இருக்காரே, அவர் 2017 ல பெரியவங்க பேக் ஆஃப்ல போட்டியாளரா வந்தவர், ஜெயிக்கல, நடுவுலயே வெளிய போனவர். அவர் தான் இப்ப குழந்தைங்களுக்கு ஜட்ஜ். இதை தெரிஞ்சதும் என் பொண்ணுக்கு அவர் மேல தனி மரியாதை வந்துருச்சு, "அவருக்கு தெரியும்பா தோத்தா எப்படி இருக்கும்னு"ங்கிறா. அவர் சொன்னா மட்டும் ஒத்துப்பா, மத்த ஜட்ஜ் கூட எல்லாம் சோபால உக்காந்து சண்டை தான்.

குழந்தைங்கள இது எந்த பக்கம் இழுக்குதுங்கிறதுல ரெண்டு நாட்டு ஷோக்கும் வித்தியாசம் தெரிஞ்சுது. அமெரிக்கா ஷோல பிற்கால சீசன்கள்ல 25,000 டாலர் பரிசு, நடுவுல திடீர்னு ட்விஸ்ட் குடுப்பாங்க, பாதி வேலை ஆனப்புறம் இன்னும் ஒரு ஐட்டம் சேருன்னுவாங்க. பிரிட்டிஷ் ஷோல ஜெயிச்சா கோப்பை, அவ்ளோ தான். அங்க டெக்னிக்கல்னு ஒரு ரவுண்டு இருக்கு, எல்லாருக்கும் ஒரே ரெசிபி, ஆனா விவரமே இருக்காது, மீதிய நீயே யோசிச்சு பண்ணனும், ஷோஸ்டாப்பர்னு இன்னொரு ரவுண்டுல உன் கற்பனைய காட்டலாம். தன் வேலைய முடிச்ச குழந்தை பக்கத்து டேபிளுக்கு ஓடி உதவுறது ரெண்டு நாட்டு ஷோலயும் உண்டு, ஆனா பிரிட்டிஷ் ஷோ நடக்குற அந்த டென்ட்டுக்குள்ள அது ரொம்ப இயல்பா நடக்குது, போட்டிங்கிறதே மறந்துரும். எங்க வீட்ல அமெரிக்கா ஷோ பாத்த அன்னிக்கு விளையாட்டு "யாரு அவுட்", பிரிட்டிஷ் ஷோ பாத்த அன்னிக்கு விளையாட்டு "ஹெல்ப் ஹெல்ப் என் கேக் சாயுது". ரெண்டு குழந்தைய வெச்சு முடிவு சொல்லக்கூடாது தான், ஆனா ராத்திரி தூங்கப்போற முன்னாடி எது பாக்கணும்னா நான் ரெண்டாவதை தான் போடுவேன்.

ஒண்ணு கசப்பா இருந்துச்சு. மூணாவது வாரம் என் பொண்ணு கேட்டா, "அப்பா அந்த பொண்ணுக்கு ஒன்பது வயசு, மக்ரோன்னு அந்த கஷ்டமான பிரெஞ்சு இனிப்பு பண்ணுது, எனக்கு பத்து ஆயிடுச்சு, நான் லேட்டா?" பத்து வயசுல லேட்டான்னு கேக்குது குழந்தை. அந்த ஒன்பது வயசு பிள்ளை ஷோக்கு வர்றதுக்கு முன்னாடி எத்தனை கேக்கை கருக்கி இருக்கும், யார் வீட்ல கூட நின்னு சொல்லிக்குடுத்தாங்க, எவ்ளோ செலவு பண்ணாங்கன்னு எதையும் பெருசா காட்றதில்ல, அறிமுகத்துல "நான் அஞ்சு வயசுலருந்து பேக் பண்றேன்"னு சிரிச்சுட்டே ஒரு வரி, அவ்ளோ தான். தேர்ந்தெடுத்து எடுத்த பிள்ளைங்க அதுங்க. நான் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லி சமாளிச்சேன், அவ நம்புனாளான்னு தெரியல. கூட உக்காந்து பாருங்கன்னு நான் சொல்றது இந்த மாதிரி கேள்விக்காக தான், தனியா பாத்திருந்தா இந்த கேள்வி எனக்கு வந்தே சேந்திருக்காது.

தின்பண்ட ஆசை ஜாஸ்தியாகுமான்னு கேட்டீங்கன்னா, ஆமா, எங்க வீட்ல ஆச்சு. எபிசோடு முடிஞ்சா ஏதாவது இனிப்பு வேணும். நெதர்லாந்துல டில்பர்க் யுனிவர்சிட்டி ஆளுங்க 2020 ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 10 லருந்து 12 வயசு வரைக்கும் 125 பிள்ளைங்களுக்கு பத்து நிமிஷ சமையல் வீடியோ காட்டி அப்புறம் ஸ்நாக்ஸ் எடுத்துக்க சொன்னாங்க, நல்ல சாப்பாடு சமைக்கிற வீடியோ பாத்த பிள்ளைங்க பழம் மாதிரி நல்லதை எடுக்குற வாய்ப்பு 2.7 மடங்கு ஜாஸ்தியா இருந்துச்சாம். அப்ப கண்ணு எதை பாக்குதோ வாய் அதை கேக்கும், சர்க்கரை மலையா காட்டுனா என்ன கேக்கும்னு ஆய்வு வேண்டியதில்ல. இந்த விஷயத்துல மட்டும் பல ரக சமையல் வர்ற மாஸ்டர்செஃப் ஜூனியருக்கு ஒரு மார்க் ஜாஸ்தி குடுக்கலாம், என் பொண்ணு மீனை எப்படி திருப்பணும்னு அதுல தான் பாத்தா.

ஸ்டார் கேப்பீங்க. ஜூனியர் பேக் ஆஃப் 5 க்கு 4, பாதிய வெட்டுனது அந்த காத்திருக்கற நேரத்தை காட்டாததுக்கு, மீதி பாதி ஹாரி ஹில் ஜோக்கை என் பையன் நாள் பூரா திரும்ப சொல்றதுக்கு. கிட்ஸ் பேக்கிங் சாம்பியன்ஷிப் 3.5, ஒரு சாப்பாட்டு ஐட்டம் மாதிரியே இனிப்பை செஞ்சு ஏமாத்துற சேலஞ்ச் ஒண்ணு அதுல திரும்பத் திரும்ப வரும், அது வர்ற எபிசோடு மட்டும் தனியா 5. மாஸ்டர்செஃப் ஜூனியர் 3. ஏழு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு இது எதுவும் தேவையில்லன்னு நினைக்கறேன், அழுது வெளிய போற சீன்ல எங்க பையனே ஒரு தடவை கூட சேந்து அழுதுட்டான். எட்டு, ஒன்பது வயசுக்கு மேலன்னா தாராளமா போடுங்க, ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணு, மூணு இல்ல, எங்களை மாதிரி பண்ணாதீங்க.

நாளைக்கு லீவோட கடைசி நாள். வீட்ல ஃபைனல் வெச்சிருக்காங்க, ஜட்ஜ் ரெண்டு பேரு, பத்து வயசு ஒண்ணு ஏழு வயசு ஒண்ணு, போட்டியாளர் நான் ஒருத்தன் தான். அந்த ஏமாத்துற சேலஞ்ச் தான் எனக்கு, பாத்தா சோப்பு மாதிரி இருக்கணுமாம், வெட்டுனா கேக்கா இருக்கணுமாம், 90 நிமிஷம். ஓவனை சூடு பண்ண எந்த பட்டனை திருப்பணும்னு பொண்ணு கிட்ட மெதுவா கேட்டேன். ஜட்ஜ் கிட்ட உதவி கேக்கக்கூடாதாம்.